ஊற்று நீரின் வயது

பட்டிப்பொலப் பகுதியில் ஜனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு. அதன் வயது ஓர் இரவே. ஆனால், அதே மலைச்சரிவின் ஊற்றிலிருந்து குழாய் வழியே லயங்களை வந்தடையும் நீரின் வயது என்ன? அது சென்ற பருவத்து மழையா, நம் பாட்டனார் காலத்து மழையா?

இதற்கு விடை கூறுபவை அரிய கதிரியக்கச் சமதானிகளாகும். மழைநீர் வளிமண்டலத்திலுள்ள இவற்றைச் சிறிதளவு சுமந்தே நிலத்தினுள் இறங்குகின்றது. காற்றுடனான தொடர்பு அறுந்தபின் புதிய வரவு இல்லை. உள்ளவையும் மாறாத வேகத்தில் சிதைந்து குறைகின்றன. எஞ்சியதை அளந்தால் காலம் தெரிந்துவிடும்.

திரிட்டியத்தின் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள், ஆகன் 39 இனது சுமார் 270 ஆண்டுகள், காபன் 14 இனது 5,730 ஆண்டுகள். கிரிப்தன் 81 இற்கோ ஏறத்தாழ 229,000 ஆண்டுகள். இவ்வாயு பாறையுடன் இரசாயனத் தாக்கம் புரிவதில்லை. ஆதலால் கணக்குப் பிசகுவது அரிது. எனினும் ஒரு லீற்றர் நீரில் அதன் அணுக்கள் ஆயிரமளவிலேயே உண்டு. அவற்றை லேசர் ஒளியால் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணும் முறையை அமெரிக்காவின் ஆகோன் தேசிய ஆய்வுகூடம் 1999 இல் அறிவித்தது.

எகிப்தின் மேற்குப் பாலைவனக் கிணறுகளின் நீர் 2 இலட்சம் முதல் 10 இலட்சம் ஆண்டுகள் பழைமையானதென 2004 இல் இம்முறை காட்டியது. இறைத்தால் அந்நீர் மீளாது. 2014 இல் அந்தாட்டிக்காவின் டெய்லர் பனியாற்றுப் பனிக்கட்டி 120,000 ஆண்டுகள் பழைமையானதெனவும் அறியப்பட்டது.

பட்டிப்பொலக்கு அண்மையிலுள்ள ஹோட்டன் சமவெளியில் வயது கணிக்கப்பட்டது நீருக்கன்று, சதுப்பு நிலத்தின் முற்றா நிலக்கரிக்கே. காபன் 14 கொண்டு சுமார் 24,000 ஆண்டுகளின் காலநிலை வரலாறு அதில் வாசிக்கப்பட்டு, 2003 இல் வெளியானது. மகாவலி, களனி, வளவை ஆகியவற்றின் தலைநீர்ப் பிரதேசத்திலும் மழை என்றும் ஒரே அளவாய்ப் பொழிந்ததில்லை.

நம் மலையக ஊற்றுகளுக்குக் கிரிப்தன் தேவைப்படாது என்றே கருதுகின்றோம். கடினப் பாறைக்கு மேலுள்ள உக்கிய மண்படையிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கும் நீர் பெரும்பாலும் இளமையானது. அதற்குத் திரிட்டியமே ஏற்ற அளவுகோல். இளைய நீர் மழையால் விரைவில் நிரம்பும். வரட்சியில் விரைவில் வற்றும். ஊற்றுக்கு மேலேயுள்ள மரக்கறித் தோட்டத்தில் இன்று தெளிக்கப்படும் கிருமிநாசினி லயத்துக் குழாயை அடைய எத்தனை மாதமாகும், எத்தனை ஆண்டாகும் என்பதும் அந்த வயதைப் பொறுத்ததே.