மலைத்தோட்டத்து ஜீப்: பழுதுபார்ப்பும் மீட்டெடுப்பும், கீரிப்பாறை வட்டாரத்தை முன்வைத்து

ராணுவத்தில் ஓடி ஓய்ந்த ஊர்திகளை வாங்கி, நண்பர்கள் கூடி அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பழக்கம், பெருநகரங்களில் பழங்கால ஊர்தி மன்றங்கள் தோன்றிய பிறகு வளர்ந்த செல்வர்களின் பொழுதுபோக்காகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அத்தகைய ஊர்திகளில் கணிசமானவை மீட்டெடுக்கும் அளவுக்கேனும் இன்று எஞ்சியிருப்பதற்குக் காரணம், மலைத்தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் பல பத்தாண்டுகள் ஓயாமல் நடந்துவந்த பழுதுபார்ப்புதான். பிழைப்புக்காகச் செய்யப்படும் பழுதுபார்ப்பும் ஆர்வத்தால் செய்யப்படும் மீட்டெடுப்பும் பெரும்பாலும் ஒரே பட்டறையில், ஒரே கைகளால் நடப்பவை எனினும், முன்னது வண்டியை ஓட வைப்பதற்காக எதையும் மாற்றத் துணிவது, பின்னது மாறிய ஒவ்வொன்றையும் திருப்பிவைக்க முயல்வது. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண், ஜீப்புகளின் வரலாற்றில் எவ்வாறு உருவாகிச் சட்டத்தின் வாசல்வரை வந்து நிற்கிறது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக மலையை நோக்கிச் செல்லும் சாலையில், தோவாளை வட்டத்தின் ரப்பர்க் காடுகளுக்குள் அமைந்திருப்பது கீரிப்பாறை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்த இம்மலைச்சரிவுகளில் காப்பியும் ரப்பரும் கிராம்பும் பயிரிட்ட தோட்டங்கள், கரடுமுரடான ஏற்றங்களில் ஆளையும் சரக்கையும் கொண்டுசெல்லும் ஊர்தியை எப்போதும் வேண்டி நின்றன. அரசே நடத்திய ரப்பர்த் தோட்டங்களில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பணியமர்த்தப்பட்டன. அத்தோட்டங்கள் 1984இல் தமிழ்நாடு அரசு ரப்பர்க் கழகத்தின் பொறுப்பில் வந்தன. ரப்பருக்கும் போர் ஊர்திக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் வீழ்ந்தபோது நேச நாடுகள் தம் இயற்கை ரப்பர் வரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இழந்தன. எஞ்சிய சிறு பங்கில் இலங்கையும் திருவிதாங்கூர் மலைகளும் முதன்மை பெற்றன. ஜீப்புக்கு டயர் தந்த நிலத்துக்கே பின்னாளில் ஜீப் வந்து சேர்ந்தது என்பது இவ்வட்டார வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

ஜீப்பின் பிறப்பு மிகக் குறுகிய காலத்தில் நிகழ்ந்தது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம், எடை குறைந்த நான்கு சக்கர உந்து ஊர்தி, அதாவது முன் பின் அச்சுகள் இரண்டுக்கும் இயந்திர விசை செல்லும் ஊர்தி, ஒன்றை வடிவமைத்துத் தருமாறு 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்து, முதல் மாதிரிக்கு 49 நாள்களே அவகாசம் தந்தது. பான்டம் நிறுவனம் அம்மாதிரியை அவ்வாண்டு செப்டம்பர் 23இல் ஒப்படைத்தது. எனினும் பெருமளவில் உற்பத்தி செய்யும் ஆற்றல் வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கே இருந்ததால், வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்னும் இரு பெயர்களில், ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும் வகையில், போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன.

பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் இப்பண்பே போர்க்களத்தில் ஜீப்பின் வலிமையாகவும், மீட்டெடுப்பவருக்கு இன்று பெரும் புதிராகவும் விளங்குகிறது. பழைய ஜீப் ஒன்றை வாங்கும் குழு முதலில் செய்யும் வேலை, அது எந்த ஆலையில் பிறந்தது என்பதை நிறுவுவது. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் முன்பக்கக் குறுக்குத் தண்டு உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ். கவிழ்த்த தகரத் தொட்டிபோல் மடித்த இரும்பாக இருந்தால் ஃபோர்டு. வில்லிஸ் தன் வரிசை எண்ணைத் தகடாக இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் ரிவெட் அடித்துப் பொருத்தியது. ஃபோர்டு அதே சட்டத்தின் மேல்தளத்தில் நேரடியாகக் குத்திப் பதித்தது. ஃபோர்டு தன் போல்ட்டுத் தலைகளிலும் கொக்கிகளிலும்கூடத் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்ததால், அசல் ஜி.பி.டபிள்யூ. ஒன்றைக் கட்டியெழுப்ப விரும்பும் ஆர்வலர், கிரீசும் துருவும் மூடிய ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, அவ்வெழுத்து தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். முன்புறக் கிரில்லில் ஒன்பது துளைகள் இருப்பது போர்க்கால ஜீப். ஏழு துளைகள் இருப்பது பிற்காலத்துப் பொதுமக்கள் ஜீப். அதன் பேனட் உயர்ந்து நின்றால் அது 1953இல் அறிமுகமான சிஜே-3பி. உள்ளிழுக்கும் வால்வுகளை மேலே கொண்ட புதிய இயந்திரம் உயரமாக இருந்ததால் பேனட்டையும் உயர்த்த நேர்ந்தது.

போர் முடிந்ததும் இந்தியாவில் குவிந்துகிடந்த உபரித் தளவாடங்கள் தனியாருக்கும் அரசுத் துறைகளுக்கும் விற்கப்பட்டன. அக்குவியல்களிலிருந்து பயன்படத்தக்கதை உருவாக்கிய மிகப் பெரிய முயற்சி பெங்களூரில் நடந்தது: கான்பூரில், திரும்பப் பறக்க முடியாதபடி வேண்டுமென்றே சிதைத்துவிடப்பட்டிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் ஒட்டுப்போட்டுப் பெங்களூருக்குப் பறக்கவைத்து, 40க்கும் மேற்பட்டவற்றைப் புதுப்பித்து விமானப்படைக்கு அளித்தனர், அவை 1968 வரை பணியில் இருந்தன. பணமும் புதுப் பொருளும் கிடைக்காத நாடு கையில் கிடைத்ததை வைத்து எழுந்த காலத்தின் இப்பெருஞ்சாதனைக்குக் கிடைக்க வேண்டிய இடம் நம் தொழில்நுட்ப வரலாற்று நூல்களில் இன்னும் கிடைக்கவில்லை. ஜீப்பைப் பொறுத்தவரை, 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் மும்பை மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது; பின்னர் சிஜே-3பி வடிவத்தை இங்கேயே பல பத்தாண்டுகள் தயாரித்தது. அமெரிக்காவில் அவ்வடிவம் 1968இல் நின்றுபோன பின்னும் இந்தியாவில் அதன் பாகங்கள் தொடர்ந்து வார்க்கப்பட்டதால்தான், போர்க்கால ஜீப்புகளும் இங்கே பட்டினி கிடக்காமல் ஓடின.

அவ்வாறு ஓடியபோது அவை மாறின. தென் திருவிதாங்கூரில் மோட்டார்த் தொழில் அறிவு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1938 பிப்ரவரி 20இல் தொடங்கிய திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து, சேசிஸை மட்டும் இறக்குமதி செய்து பாடியை உள்ளூரிலேயே கட்டியது. பட்டறைக்காரருக்கும் லேத்து வேலையாளுக்கும் வெளிநாட்டு வண்டி அச்சம் தரும் பொருளாக இருக்கவில்லை. மலைத்தோட்ட ஜீப்பில் அவர்கள் செய்த மாற்றங்களில் முதன்மையானது இயந்திரம். வில்லிஸின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரம் ஏற்றத்தில் எண்ணெயைக் குடித்ததால், பெட்ரோல் விலை ஏற ஏற டீசல் இயந்திரங்கள் அதன் இடத்துக்கு வந்தன. 6 வோல்ட் மின்னமைப்பு 12 வோல்ட்டாயிற்று. ஆள் ஏற்றுவதற்காகப் பின்பாடி நீட்டிக் கட்டப்பட்டது. கிரவுன் பினியன் எனப்படும், சுழலும் விசையைத் திசை திருப்பி அச்சுக்குக் கொடுக்கும் பற்சக்கர இணையும் மாறியது: போர்க்கால ஜீப்பில் 4.88 ஆக இருந்த அதன் விகிதம் சிஜே வரிசையில் 5.38; அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும். மலைக்கு இது ஏற்றதே எனினும், முன் பின் அச்சுகள் இரண்டிலும் ஒருசேர மாற்றாவிட்டால் நான்கு சக்கர உந்தைப் போட்ட உடனே இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துப் பற்சக்கரங்களை முறிக்கும். இதை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்த மேஸ்திரிகளின் அறிவு, எந்த ஆலைக் கையேட்டுக்கும் குறைந்ததன்று.

பிற்கால ராணுவ ஊர்திகளுக்கும் இதே வழிதான். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் உருவான சக்திமான் லாரியும், நிசான் பேட்ரோல் வண்டியின் வடிவில் 1960களின் இறுதியிலிருந்து 1999 வரை அங்கேயே தயாரான ஜோங்காவும், ராணுவம் கழித்த பின் ஏலத்தில் வெளியேறின. ஜோங்காவின் ஆறு சிலிண்டர், 3,956 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இயந்திரம் தனியார் பையைக் காலி செய்வது என்பதால் அதற்கும் டீசல் மாற்றமே நடந்தது. அரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் கழிக்கப்பட்ட ஜீப்புகளைப் புதிய உருவில் கட்டித் தரும் தொழிலாலேயே பெயர் பெற்றன. தமிழ்நாட்டில் உதிரிபாகம் தேடுவோருக்குச் சென்னைப் புதுப்பேட்டை இன்றும் முதல் முகவரி.

மீட்டெடுப்பு தனி ஆர்வத் துறையாக உருவானது உலக அளவிலும் போருக்கு ஒரு தலைமுறை பிந்தியே. அமெரிக்காவில் ராணுவ ஊர்திச் சேகரிப்பாளர் சங்கம் 1976இல் அமைந்தது. 2019இல் நார்மண்டிப் படையிறக்கத்தின் 75ஆம் ஆண்டு நிறைவுக்கு மீட்டெடுக்கப்பட்ட ஊர்திகள் அக்கடற்கரைக்குத் திரண்டு சென்றன. இந்தியாவில் 1964இல் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் இதழ் தொடங்கிய பழங்காலக் கார் பேரணி, பழைய ஊர்தியை மதிப்புக்குரிய பொருளாகப் பார்க்கும் கண்ணைத் தந்தது. எனினும் அக்கண் நெடுங்காலம் மன்னர்களின் கார்களையே நாடியது. ஜீப் அதன் பார்வைக்குத் தாமதமாக வந்தது.

இவ்வேலை தனி ஒருவரால் ஆகாதது என்பதால்தான் நண்பர் குழுவின் வேலையாக வடிவம் பெறுகிறது: ஒருவருக்கு வெல்டிங் கைவந்திருக்கும், ஒருவருக்கு மின்கம்பி, ஒருவருக்குப் பதிவு ஆவணம், இன்னொருவருக்கு ஆக்கர் கடை எனப்படும் பழைய இரும்புக்கடைகளின் மூலைமுடுக்கு. கீரிப்பாறை போன்ற மழை மிகுந்த மலையடிவாரத்தில் ஓடிய போர்க்கால ஜீப்பை அவர்கள் பிரிக்கும்போது முதலில் காண்பது தளத்தகட்டின் அழிவு. அத்தகட்டைத் தாங்கும் தொப்பி வடிவக் குறுக்குச் சட்டங்களின் உள்ளே, விறைப்புக்காக மரத்துண்டுகளை வைத்தே ஆலையில் அடைத்திருந்தனர். மழைநீர் உள்ளே இறங்க, மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ள, இரும்பு உள்ளிருந்து வெளியே துருப்பிடித்துப் போகும். மேலிருந்து பார்த்தால் பெயிண்ட் குலையாமல் இருக்கும் தகடு, சுத்தியலால் தட்டியதும் செதிலாக உதிர்வது இதனால்தான். இங்கே முதல் கேள்வி எழுகிறது: அசலுக்கு உண்மையாக மீண்டும் மரத்தை வைப்பதா, மலை மழையை நினைத்து அதை விட்டுவிடுவதா? வெளியே தெரியாத இடமாயினும் இக்கேள்வியைக் குழுக்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. சக்கரத்திலும் அத்தகைய எச்சரிக்கை தேவை. போர்க்கால விளிம்பு இரண்டு பாதிகளை நட்டுகளால் இணைத்தது. காற்றை இறக்காமல் அந்நட்டுகளைக் கழற்றினால் விளிம்பு வெடித்து ஆளைக் கொல்லும்.

2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழங்கால ஊர்திகளுக்குத் தனிப் பதிவை ஏற்படுத்தியது, இத்துறைக்குக் கிடைத்த முதல் முறையான அங்கீகாரம். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்குசக்கரத் தனிப்பயன் ஊர்திகளுக்கு 20,000 ரூபாய்க் கட்டணத்தில் 10 ஆண்டுப் பதிவும், விஏ என்னும் எழுத்துகள் கொண்ட எண்ணும் அதில் வழங்கப்படுகின்றன. ஆனால் நிபந்தனைகளைப் படித்தால் மலைத்தோட்டத்து ஜீப் அதன் வாசலிலேயே நின்றுவிடுவது புலனாகும். அடிச்சட்டத்திலோ பாடியிலோ இயந்திரத்திலோ பெரிய மாற்றம் செய்யப்படாத, அசல் வடிவில் உள்ள ஊர்தியே இதற்குத் தகுதி உடையது. டீசல் மாற்றிய ஜீப் அவ்வாறன்று. பயணிகள் ஊர்தி வகைக்கே இடமிருப்பதால் சக்திமான் லாரிக்கு வழியில்லை. வயது, முதல் விற்பனைக்குப் பிந்தைய முதல் பதிவிலிருந்து கணக்கிடப்படுகிறது. ராணுவ ஊர்திகளோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி தனி அதிகாரத்தின்கீழ்ப் பதிவாகி, அம்புக்குறி எண்ணோடு ஓடி, கழிக்கப்பட்ட பின்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வருகின்றன. 1944இல் செய்த ஜீப் பிந்திப் பதிவாகியிருந்தால் அதன் வயதை எங்கிருந்து எண்ணுவது என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டிய வினா. மேலும், உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றக்கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியபின், அசல் இயந்திரத்தைத் தேடிப் பொருத்துவது ஆர்வலரின் விருப்பம் என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு நகர்ந்துள்ளது.

டீசல் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு 1944ஆம் ஆண்டுக்கே வண்டியைத் திருப்புவது சட்டத்துக்கு உகந்ததாயினும், வரலாற்றுக்கு உகந்ததா என்பது ஐயத்துக்குரியது. போர்க்களத்தில் ஓரிரு ஆண்டுகளும், கிராம்பும் ரப்பர்ப் பாலும் சுமந்து மலையில் பல பத்தாண்டுகளும் ஓடிய வண்டியில், நீண்டதொரு வாழ்வின் தடயத்தை அழித்தே குறுகியதொரு வாழ்வு மீட்கப்படுகிறது. கழற்றிய இயந்திரத்தையும் நீட்டிய பாடியையும் படமெடுத்து, அளந்து, மேஸ்திரியின் வாய்மொழியோடு பதிந்து வைத்த பிறகே பிரிப்பது என்பதை ஒரு நெறியாகவே கொள்ளவேண்டும்.

இதில் மற்றொரு விதியும் சேர்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, பாதுகாப்புத் துறைக்கு உரியவை அல்லாத எந்த ஊர்திக்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசலாகாது என்கிறது. அடையாளக் குழப்பத்தைத் தடுக்கும் நோக்கில் இது நியாயமானதே. எனினும் ஒரு விதி அசல் வடிவத்தைக் கேட்க, மற்றொரு விதி அந்த அசலின் நிறத்தைத் தடுக்கும் நிலையில், போர் ஊர்தியை முழுமையாக மீட்டெடுத்து இந்தியச் சாலையில் ஓட்டுவது முறைப்படி இயலாததாகிறது. தோட்டத்துக்கு வந்தபின் பூசப்பட்ட நிறத்துக்கோ எந்தத் தடையும் இல்லை. அடுக்கடுக்கான பெயிண்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ராணுவப் பச்சைக்கு அடுத்த அடுக்கில் நிறுத்தி, அந்நிறத்தை அளந்து கலந்து பூசும் குழு, விதியையும் வண்டியின் நெடிய வாழ்வையும் ஒருங்கே மதிக்க முடியும்.