இரண்டு ஃபியூஸ் வண்டியும் உறங்காத வண்டியும்

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கின்போது மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர்ச் சந்துகளிலும் நின்றுவிட்ட கார்கள் பல, மீண்டும் சாவியைத் திருப்பியபோது முனகக்கூட இல்லை. ஓடாத வண்டியின் பேட்டரி எங்ஙனம் தீர்ந்தது என்று தமிழாசிரியனான என்னிடம் சிலர் வினவினர். பழைய அம்பாசிடர் ஒன்றை வைத்திருந்த குற்றத்திற்காக! அவ்வினாவுக்குப் பின்னால் ஒரு சிறு சரித்திரம் இருக்கிறது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பில் 1950களின் இறுதியில் வந்தது அம்பாசிடர். அம்மரபு வண்டிகளில் முதன்மையான ஃபியூஸ்கள் இரண்டே. ஒன்று, சாவி போடாவிட்டாலும் உயிரோடிருப்பது; ஹாரனும் உள்விளக்கும் அதன் பொறுப்பு. மற்றொன்று சாவி திருப்பினால் மட்டுமே விழிப்பது. ஆகவே பூட்டிய வண்டியில் மின்சாரம் கசிந்தால் ஐயத்திற்குரிய இடங்கள் சிலவே. பெரும்பாலும் குற்றவாளி கட்-அவுட். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் நிற்கும் வாயிற்காவலன் அது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், எஞ்சின் நின்றபின் மின்சாரம் டைனமோவுக்கே திரும்பப் பாயும். மெக்கானிக் பேட்டரி முனையைக் கழற்றி, இடையில் ஒரு சிறு பல்பைச் சேர்ப்பார். அது எரிந்தால் கசிவு உண்டு. எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் அணைகிறதோ, அந்த வழியில் தேட வேண்டும்.

இக்கலைக்குச் சென்னை ஒரு தாய்வீடு. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உருவானது. 1961இல் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் பாடியில் வாகன மின்கருவிகளைச் செய்தது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் உதிரிபாகம் தேடித் திரிந்த பையன்கள் எழுத்தில் இல்லாத இப்பாடத்தைக் கைவழியே கற்றனர்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவில் எரிபொருளைப் பீய்ச்சும் வேலையைக் கணிப்பொறி ஏற்றது. 2000க்குப் பின் புகைக் கட்டுப்பாடுகள் இறுக, மற்ற கார்களும் கார்புரேட்டரைத் துறந்தன. ஃபியூஸ்கள் பல்கிப் பெருகின. முன்பு கசிவு என்றாலே பழுது. இப்போதோ நினைவகமும் திருட்டு எச்சரிக்கையும் பூட்டிய வண்டியிலும் சற்றே மின்சாரம் உண்கின்றன. ஆங்கிலத்தார் இதை ஒட்டுண்ணிக் கசிவு என்பர். மரத்தோடு மரமாய்த் தழைத்து அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியே எனக்குப் பொருத்தமான சொல்லாகப் படுகிறது. 50 மில்லி ஆம்பியர் வரை பொதுவாகப் பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஆயினும் அந்த அளவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகும். ஊரடங்கின் முதல் 21 நாட்களில் 25க்கு மேல். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கும் அதிகம்!

பழைய பல்பு இங்கே பொய் சொல்லும். கதவைப் பூட்டியபின்னும் கணிப்பொறிகள் உறங்கச் சில வண்டிகளில் அரைமணி, சிலவற்றில் அதற்கும் மேல் ஆகும். அதற்குள் அளந்தால் நல்ல வண்டியும் நோயாளியாகத் தெரியும். ஃபியூஸைப் பிடுங்கி மீண்டும் செருகினாலே உறங்கியது விழித்துக்கொள்ளக்கூடும். எனவே கைதேர்ந்தவர்கள் ஃபியூஸைத் தொடாமல், அதன் தலையிலுள்ள இரு புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் இருக்கிறதா என்று பார்க்கின்றனர். ஆல்டர்னேட்டரின் டையோடு கெட்டிருந்தாலோ சிறு ஃபியூஸ் எதைப் பிடுங்கினாலும் பயனிராது. அதன் தடித்த கம்பி அவற்றின் வழியே போவதில்லை.

கோட்டூர்புரத்து நண்பர் ஒருவரின் கார் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் இருக்கை மட்டம்வரை மூழ்கியது. கழுவி உலர்த்தி ஓட்டினார். ஈராண்டுக்குப் பின், நிறுத்தி வைத்தால் பத்து நாளில் பேட்டரி இறங்கலாயிற்று. புதிது மாற்றினார், மறுபடியும் மாற்றினார். பிறகு நான் அழைத்துச் சென்ற மந்தைவெளி மெக்கானிக் மல்டிமீட்டரை இணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். “வண்டி தூங்கட்டும் சார்” என்றார். ஒரு மணி கழித்தும் 180 மில்லி ஆம்பியர். கதவுப் பூட்டுக்கான ஃபியூஸை எடுத்ததும் 25க்கு இறங்கியது. மிதியடிக்குக் கீழே ஒரு கனெக்டர் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. வெட்டி ஒட்டியதற்குக் கூலி 500 ரூபாய். கழற்றிப் போட்ட இரு பேட்டரிகளிலும் பழுதே இருந்திருக்காது என்றார் அவர். அவையோ எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தன.