அப்ரண்டிஸும் இன்டர்னும்: காலடிப்பேட்டையிலிருந்து ஓர் ஒப்பாய்வு

காலடிப்பேட்டைக்குத் தொழில் பழகுவது புதிதல்ல. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. இருபதாம் நூற்றாண்டில் சுற்றிலும் ஆலைகள் எழுந்தன. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1955இல் என்ஃபீல்டு வந்தது. மகன் லேலண்டில் அப்ரண்டிஸ் என்றால் இந்தப் பக்கத்தில் பாதி வேலை கிடைத்த மாதிரி.

இன்று அதே தெருக்களின் பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? பழைய அப்ரண்டிஸ் முறையையும் புதிய இன்டர்ன்ஷிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பதிலும் கிடைக்கிறது, பதில் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதும் புரிகிறது.

வாசல்

அப்ரண்டிஸுக்கு வாசல் உண்டு, அது எல்லார் கண்ணிலும் படும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஆள் பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை என்று 2019 விதிகள் சொல்கின்றன. விண்ணப்பிக்க மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. ஐ.டி.ஐ. அறிவிப்புப் பலகையில் தேதி ஒட்டியிருக்கும். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்தாலும் சரி, ஆலையில் மேஸ்திரியாக இருந்தாலும் சரி, பிள்ளை படிக்கும் அறிவிப்பு ஒன்றுதான்.

பள்ளி மாணவருக்கான இன்டர்ன்ஷிப்புக்கு அப்படி ஒரு பலகை கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்குத் தொடக்கத்தில் வைத்த வயது வரம்பு 21 முதல் 24. பதினாறு வயதில் கிடைக்கும் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் தெரிந்தவர் மூலம் வருகிறது. சித்தப்பா தரமணி மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மே மாத விடுமுறையில் ஒரு நாற்காலி கிடைத்துவிடும். அப்படி ஒரு சித்தப்பா இல்லாத பிள்ளைக்கு, நாற்காலி இருக்கிறது என்பதே தெரியாது. 2021 பிப்ரவரியில் திறந்த காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ஏறினால் மாறாமல் மென்பொருள் அலுவலகங்கள் உள்ள கிண்டியில் இறங்கலாம். ஆக, தூரம் இப்போது பெரிய தடையில்லை. தடை தகவல்.

காசும் காப்பும்

அப்ரண்டிஸுக்கு ஒப்பந்தம் உண்டு. பதினெட்டு நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடுவார்கள். குறைந்தபட்ச உதவித்தொகையும் எழுத்தில் இருக்கிறது. 2019 விதிகளில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள்.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடப்பதற்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. சிலர் காசு கொடுக்கிறார்கள், பலர் கொடுப்பதில்லை. மாணவரிடமே காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் கேட்கும் இன்டர்ன்ஷிப்பை அந்த இடத்திலேயே மறுத்துவிடலாம், அதில் இழக்க எதுவும் இல்லை.

ஆனால் இன்டர்ன்ஷிப்புக்கு அப்ரண்டிஸ் முறையில் இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. படிப்பை விட வேண்டியதில்லை. மூன்று வார விடுமுறை போதும். மதிப்பெண்ணைவிட, செய்து காட்டிய வேலைக்கு மரியாதை அதிகம்.

கைவேலை

ஃபிட்டர் அப்ரண்டிஸின் முதல் நாட்களைப் பாருங்கள். ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரம் போட்டுச் சதுரமாக்கச் சொல்வார்கள். மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார் மாஸ்டர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் துண்டு திரும்பி வரும். மறுபடி அரம்.

நல்ல மென்பொருள் நிறுவனத்தில் நடப்பதும் இதேதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தச் சொல்வார்கள். திருத்தியதை சீனியர் வரிவரியாகப் படித்து, இந்தப் பெயர் புரியவில்லை, இந்த இடத்தில் எண் காலியாக வந்தால் என்ன ஆகும் என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். மறுபடி திருத்தம்.

இரண்டு முறையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது: செய்ததைப் பார்த்துத் திருப்பித் தருவதற்கென்று ஒருவர். அவர் இல்லாத அப்ரண்டிஸ் வெறும் எடுபிடி. அவர் இல்லாத இன்டர்ன் மூலையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். இன்டர்ன்ஷிப் தேடும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது சம்பளமோ நிறுவனத்தின் பெயரோ அல்ல. “என் வேலையை யார் பார்ப்பார்கள்?” என்பதுதான்.

இரண்டும் சேரும் இடம்

ஆலையின் முறையை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சோஹோ நிறுவனம் 2000களின் நடுவில் தொடங்கிய பள்ளி, கல்லூரிப் பட்டம் கேட்காமல், கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறது. ஆனால் இரண்டுமே பள்ளி முடிந்த பிறகு திறப்பவை. ஜெர்மனியில் பள்ளியில் படிக்கும்போதே, பெரும்பாலும் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில், மாணவர்கள் இரண்டு மூன்று வாரம் ஒரு நிறுவனத்துக்குப் போய்வருகிறார்கள். எல்லாரும் போவதால் சித்தப்பா இல்லாத பிள்ளையும் போகிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்

நம் ஊரில் அந்த ஏற்பாடு வரும்வரை மாணவர் கையில் இருப்பது செய்து காட்டிய வேலை. அதற்கு ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் வரை போக வேண்டியதில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளிலும் பாரிமுனையின் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்களிலும் கணக்கும் பதிவும் குவிந்து கிடக்கின்றன. உள்ளே வந்த பெட்டி எது, வெளியே போனது எது, எத்தனை நாள் நின்றது என்று காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை மாதிரித் தகவல் வைத்து எழுதலாம். அதை எடுத்துக்கொண்டு நேரில் போகும் மாணவியிடம், “என்ன தெரியும்?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொரு வழி, கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் சேர்ந்து திருத்தங்கள் அனுப்புவது. அங்கும் அனுப்பியதைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், சிபாரிசு தேவையில்லை.

அதற்காக முழுச் சுமையையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. ஆலைகள் தாமாக மனமிரங்கி எல்லாருக்கும் வாசலைத் திறந்துவிடவில்லை. சட்டம் திறக்கச் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு முன் இரும்புத் தொழிலுக்குச் செய்ததை மென்பொருள் தொழிலுக்கும் செய்யலாம்: பள்ளி மாணவருக்கு இத்தனை இடம், இத்தனை வாரம், பார்த்துத் திருத்த இன்னார் என்று ஒவ்வொரு பெரிய நிறுவனமும் எழுதி அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு காலடிப்பேட்டைப் பள்ளியின் பலகைக்கும் வந்து சேர வேண்டும்.