கைப்பிடியில் தொடங்கும் போர்

ஜூடோவில் பாதிப் போட்டி பிடிக்காகவே நடக்கிறது. எதிராளியின் சட்டைக் கழுத்தையும் கையையும் தமக்கு வாகாகப் பற்றுவதற்கு வீரர்கள் நெடுநேரம் போராடுவர். பார்வையற்றோர் ஜூடோவில் இந்தக் கட்டமே கிடையாது. இருவரையும் விரிப்பின் நடுவே நிறுத்தி, ஒருவர் உடையை மற்றவர் பற்றிய பின்னரே ஆட்டம் தொடங்குகிறது. பிடி முற்றாக விட்டுப்போனால் மறுபடியும் நடுவிலிருந்து. ஒளிந்து விளையாட அங்கே இடமில்லை.

இந்தக் களத்தின் பெருவீரர் பிரேசில் நாட்டின் அந்தோனியோ தெனோரியோ. 1970இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் உண்டிவில் விளையாட்டில் இடக்கண்ணை இழந்தார். பத்தொன்பதாம் வயதில் நோய்த்தொற்று வலக்கண்ணையும் பறித்தது. 1996 அட்லாண்டா, 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் என்று தொடர்ந்து நான்கு பாராலிம்பிக்கில் தங்கம். முதலாவது 86 கிலோ பிரிவில். கடைசி இரண்டும் 100 கிலோவில். 2012இல் இலண்டனில் வெண்கலம் பெற்றார். 2016இல் சொந்த மண்ணான ரியோவில், நாற்பத்தைந்து வயதில், இறுதிப் போட்டி வரை சென்று தென்கொரியாவின் சோய் குவாங்குன்னிடம் தோற்று வெள்ளி பெற்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெண்கலம் நூலிழையில் தவறியது.

பதக்கக் கணக்கை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தடகளத்திலும் நீச்சலிலும் பார்வையின் அளவை வைத்து வீரர்களைத் தனித்தனியே பிரிப்பார்கள். ஜூடோவிலோ அண்மைக்காலம் வரை எடை மட்டுமே அளவுகோல். ஒளியே அறியாதவரும் ஓரளவு பார்வை உள்ளவரும் ஒரே விரிப்பில் மோதினர். முழுப் பார்வையற்றவரின் சட்டைக் கையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. பிடித்துவிட்ட பிறகு கண்ணுக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். கேட்க அழகான வாதம்தான். ஆனால் முழுப் பார்வையற்றோர் வென்ற பதக்கங்கள் குறைவு என்பதை ஆய்வுகள் காட்டின.

தெனோரியோவின் வெற்றிகளையே அந்த விதிக்குச் சான்றாகக் காட்ட முடியும் என்பதுதான் வேடிக்கை. விதிவிலக்கான ஒரு மனிதரைக் கொண்டு விதியை நியாயப்படுத்துவது நமக்கெல்லாம் பழக்கமான தர்க்கம். பேருந்து நிலையத்துத் தெருவிளக்கில் படித்து முன்னேறியவரைக் காட்டி நூலகம் எதற்கு என்று கேட்பதைப் போன்றது அது.

விதி 2022இல் மாறியது. முழுப் பார்வையற்றோருக்கும் மிகக் குறைந்த பார்வை உடையோருக்கும் 'ஜே1', மற்றோருக்கு 'ஜே2' என இரு பிரிவுகள் வந்தன. அப்போது தெனோரியோவுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவின் கபில் பர்மார் 60 கிலோவில் வெண்கலம் வென்றது அந்த ஜே1 பிரிவில்தான்.