ஒல்லாந்தர் ஓடிய தடம் – 4: தலைக்கட்டு வரியில் ஒரு ஒலிம்பிக்

சென்ற வாரம் பாரிஸில், சென் நதிக்கரையில் ஒரு பையனை நிறுத்திவிட்டு வந்தோம். 1900 ஒலிம்பிக். ஒல்லாந்துத் துடுப்புக்காரர்கள் பிரான்சுவா பிராண்ட்டும் ரூலொஃப் க்ளைனும், தங்கள் படகில் சுக்கான் பிடித்தவர் 60 கிலோ கனம் என்று அவரை இறக்கிவிட்டு, அங்கே கிடைத்த பிரெஞ்சுப் பொடியன் ஒருவனை ஏற்றிக்கொண்டார்கள். மயிரிழையில் முதலிடம். பையனோடு படமும் பிடித்துக்கொண்டார்கள். அவன் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த வாரம், பெயரை எழுதி வைத்தவர்களின் கதை.

*

அதற்கு முன் ஆண்டிபட்டியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.

சக்கம்பட்டிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தறிச் சத்தம் தெருவெல்லாம். பக்கத்தில் ஒரு தம்பி, மடியில் கோயில் பொங்கல் வரி நோட்டு. ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. இடது பக்கம் பெயர், வலது பக்கம் தொகை, கொடுத்தவருக்குப் பச்சை மையில் ஒரு டிக்.

டிக் விழாத ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினேன். "இவரு தரலையே?"

"தருவாருண்ணே. வரி குடுக்காத தலைக்கட்டுக்கு நாளைக்குக் கோயில்ல என்ன மரியாதை இருக்கு?" என்றவன், "நீங்க இப்ப என்ன எழுதிட்டிருக்கீக?" என்று கேட்டான்.

"ஒல்லாந்து நாட்டு ஒலிம்பிக்."

"அது எங்கிட்டு இருக்கு?"

கடல் மட்டத்துக்கும் கீழே கால்வாசி நாடு, கரை கட்டித் தண்ணீரை இறைத்து வாழ்கிற சனம், ஒரு காலத்தில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வந்து இறங்கித் துணி வாங்கிப் போனவர்கள் என்று சொன்னேன்.

"துணி வாங்க வந்தாகளா? அப்ப நம்ம யாவாரிகதான்" என்று நோட்டை மூடினான்.

அந்த நோட்டு என் மனதில் மூடவில்லை. ஏனென்றால், 1925-ல் ஒல்லாந்து தேசமே இப்படி ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தது.

*

1928 ஒலிம்பிக் ஆம்ஸ்டர்டாமுக்கு என்று 1921-லேயே முடிவாகிவிட்டது. ஒல்லாந்து ஒலிம்பிக் குழுவின் தலைவர் பாரன் வான் டைல் பல வருஷம் நடையாய் நடந்து வாங்கிய வரம் அது. 1924-ல் அவர் காலமானார். மறு வருஷம் அரசு மானியம் 10 லட்சம் கில்டர் கேட்டு நாடாளுமன்றத்துக்குத் தீர்மானம் போனது.

சமயக் கட்சிகள் எழுந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்றைக்கு ஆட்டமா? ஒலிம்பிக் என்பதே பழைய கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களுக்கு எடுத்த விழா, அதற்குக் கிறிஸ்தவ நாட்டின் வரிப்பணமா? ஓட்டெடுப்பு நடந்தது. தீர்மானம் தோற்றது.

வீட்டுக்கு விருந்தாளியை அழைத்தாகிவிட்டது. அடுப்பில் உலை இல்லை. உலகத்துக்கே கடுதாசி எழுதி, "வர வேண்டாம்" என்று சொல்வதா?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் யார் நினைவு வரும் என்று தெரியும். சர்க்கார் கைவிட்டபோது பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார் என்று இங்கே சொல்லாத வீடு இல்லை. ஆவணம் என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம். சனங்கள் அந்தக் கதையை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பணம் இல்லை என்று ஆட்சி சொன்ன பிறகும் ஒரு காரியம் நடந்தால், அதை ஊர் மறப்பதில்லை.

ஆம்ஸ்டர்டாமில் ஒற்றைப் பென்னிகுவிக் இல்லை. ஊரே இறங்கியது. பத்திரிகைகள் எழுதின, சங்கங்கள் உண்டியல் ஏந்தின. வசதியானவர்கள் கத்தையாகவும் இல்லாதவர்கள் சில்லறையாகவும் போட்டார்கள். கடல் தாண்டி, இன்றைய இந்தோனேசியாவான அன்றைய ஒல்லாந்துக் காலனியிலிருந்தும் பணம் வந்தது. சில வாரங்களிலேயே, அரசு தர மறுத்த தொகைக்கு மேல் சேர்ந்துவிட்டது.

சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான தூண்களை அடித்து இறக்கி, மேலே செங்கல்லால் அரங்கம் எழுப்பினார் கட்டடக் கலைஞர் யான் வில்ஸ். பக்கத்தில் ஒரு கோபுரம். அதன் உச்சியில் தீ எரிய ஒரு கொப்பரை. நவீன ஒலிம்பிக்கில் சுடர் முதன்முதலாக எரிந்தது அங்கேதான். நாலு வருஷத்துக்கு ஒரு முறை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற அந்தத் தீ, உண்டியல் காசில் பற்றியது.

அரங்கம் தயார். ஆனால் 1928 மார்ச் மாதமே அந்த அரங்கத்தை நோக்கி இன்னொரு கூட்டம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் நோட்டும் இல்லை, உண்டியலும் இல்லை.

*

இந்திய ஹாக்கி அணி.

சம்மேளனம் பிறந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஐரோப்பாவுக்குக் கப்பல் செலவு, சாப்பாடு, தங்குமிடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் 15,000 ரூபாய் துண்டு விழுந்தது. ஷவுகத் அலி, ரெக்ஸ் நாரிஸ் இருவரையும் விட்டுவிட்டுப் போவதா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. மாகாணம் மாகாணமாகக் கை நீட்டினார்கள்.

பம்பாய் காது கொடுக்கவில்லை. பர்மா கொடுக்கவில்லை. மூன்றாவதாகக் கையை விரித்த மாகாணம் எது தெரியுமா?

மெட்ராஸ்.

ஆண்டிபட்டி அன்று மதுரை ஜில்லா. மதுரை, மெட்ராஸ் மாகாணம். அதாவது நாம்தான். அந்த 1928-ல்தான் மதுரையிலிருந்து போடி வரை ரயில் ஓடத் தொடங்கி, ஆண்டிபட்டிக் கணவாயில் முதல் புகை எழுந்தது. அதே வருஷம் நம் மாகாணத்தின் பெயர் ஹாக்கி நோட்டில் டிக் விழாமல் நின்றது.

எப்படியோ பணத்தைப் புரட்டினார்கள். புறப்படும் முன் பம்பாய் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். அதிலும் 3-2 என்று தோல்வி. மார்ச் 10-ஆம் தேதி 'கைசர்-இ-ஹிந்த்' கப்பல் கிளம்பியபோது துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே மூன்று பேர். தோற்ற அணிக்கு மாலை போட யார் வருவார்?

அந்த அணியில் 22 வயதுப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவர் இருந்தார். கையில் மட்டை. அன்றைய மட்டையின் வளைந்த தலை மல்பெரிக் கட்டை. நம் தேனிப் பக்கம் பட்டுப்புழுவுக்குத் தழை ஒடிக்கிறோமே, அதே சாதி மரம். இழைத்து, வளைத்து, கைப்பிடியில் துணிப்பட்டி சுற்றியிருப்பார்கள். பந்து அதில் ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஐரோப்பா வாய் பிளக்கப் போகிறது என்று அன்று கப்பலில் யாருக்கும் தெரியாது. சிப்பாயின் பெயர் தியான் சந்த்.

*

மே 17-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின் ஆட்டங்கள் ஹாக்கியோடு தொடங்கின. 1920-ல் தங்கம் வாங்கிய பிரிட்டன் வரவேயில்லை. தங்கள் காலனியிடம் தோற்றால் மானம் போகும் என்று பயந்தார்கள் என்பது நம் நாட்டில் இன்றுவரை நிலைத்த பேச்சு.

இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதலில் வருகிற அணி மட்டும் இறுதிக்கு.

இந்தியா ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று கவிழ்த்தது. நான்கு ஆட்டம், 26 கோல். கோல் காத்த ரிச்சர்ட் ஆலனைத் தாண்டி ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

மறு பிரிவில் ஒல்லாந்தர் பிரான்சை 5-0 என்று எளிதாக வென்று, ஜெர்மனியை 2-1 என்று தட்டுத்தடுமாறிக் கடந்து, ஸ்பெயினோடு 1-1 என்று சமன் செய்து மேலே வந்தார்கள். அசுர பலம் இல்லை. ஆனால் சொந்த மண், சொந்தச் சனம். உண்டியலில் காசு போட்டவர்களுக்கு இது ஹாக்கி மட்டுமல்ல. தங்கள் காசு மைதானத்தில் இறங்கி ஓடுகிறது.

மே 26, சனிக்கிழமை இறுதியாட்டம் என்று அறிவித்தார்கள்.

இந்தியா சுலபமாக ஜெயிக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்குள் இந்திய முகாமில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது.

முதலில் கேப்டன். இன்றைய ஜார்க்கண்டின் முண்டா பழங்குடியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர் ஜெய்பால் சிங். லீவு கிடைக்காமலேயே அணியோடு வந்தவர். இறுதியாட்டத்துக்கு அவர் இல்லை. தலைமை எரிக் பின்னிகர் கைக்குப் போனது.

அடுத்து முன்வரிசை ஆட்டக்காரர் ஃபெரோஸ் கான், படுக்கையில். பணம் இல்லாமல் விட்டுப்போக இருந்தார்களே, அந்த ஷவுகத் அலி, படுக்கையில். கேர் சிங், படுக்கையில்.

பிறகு ஐந்தாவது செய்தி. தியான் சந்துக்கும் உடம்பு சரியில்லை.

ஆண்டிபட்டித் தம்பியின் நோட்டை மறுபடி விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம், பச்சை மையில் டிக் விழுந்த ஒரு தேசம் அரங்கை நிரப்பி உட்கார்ந்திருக்கிறது. மறு பக்கம், சொந்த மாகாணங்களே கை விரித்த பதினொரு பேர். அவர்களில் முக்கியமானவர் காய்ச்சலோடு. அவர்கள் ஜெயித்தால் நாளைக்கு மெட்ராஸும் மதுரையும் மாலையோடு ஓடிவரும். அந்த மரியாதைக்கு நமக்கு என்ன பாத்தியதை?

அந்தக் கேள்வி இருக்கட்டும். ஆட்டம் தொடங்கப் போகிறது.

அன்றைய ஹாக்கியில் 'புல்லி' என்று ஒரு சடங்கு. நடுக்கோட்டில் பந்து. இரு பக்கமும் ஒவ்வொருவர், எதிரெதிரே குனிந்து. மட்டையால் தரையைத் தட்ட வேண்டும், பிறகு எதிராளியின் மட்டையைத் தட்ட வேண்டும். மூன்று முறை. மூன்றாவது தட்டு விழுந்த நொடியில் பந்து யாருடையதோ, அவருடையது.

தரை. மட்டை. ஒன்று.

தரை. மட்டை. இரண்டு.

தரை...

(தொடரும்)