பெல்ஃபாஸ்ட் வடிகால் மசோதா (1887)

அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்ஃபாஸ்ட் நகருக்குப் பாதாளச் சாக்கடை அமைப்பதற்காக 1887-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா இது. சாக்கடைக்காக வந்த இந்த மசோதா, நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டைக்குக் களமாயிற்று.

லினன் ஆலைகளாலும் கப்பல் கட்டும் தளங்களாலும் வளர்ந்த பெல்ஃபாஸ்டின் மக்கள்தொகை 1881-லேயே 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. லாகன் ஆற்றின் முகத்துவாரத்தில், சேறு படிந்த தாழ்வான நிலத்தில் ஊர் அமைந்திருந்தது. கடல் ஏறும்போது கழிவு வடியாமல் தேங்கும். தைபாய்டு அங்கே அடிக்கடி வந்த நோய். கழிவுநீரைத் திரட்டிக் கடலில் கொண்டுபோய் விட நகரசபை திட்டமிட்டது. அதற்குக் கடன் வாங்கவும் நிலம் எடுக்கவும் நாடாளுமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. உள்ளூர்த் திட்டங்களுக்கான இத்தகைய மசோதாக்கள் பெரும்பாலும் பேச்சின்றி நிறைவேறிவிடும்.

இம்முறை அப்படி நடக்கவில்லை. 1840-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயர்லாந்து நகரசபைகளில் வாக்களிக்க 10 பவுன் ஆண்டு மதிப்புள்ள கட்டடம் கைவசம் இருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1835 முதலே அத்தகைய மதிப்பு வரம்பு இருக்கவில்லை. வீட்டில் குடியிருந்து வரி கட்டுபவர் என்பதே போதுமாக இருந்தது. 1884-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சீர்திருத்தத்திற்குப் பின் நிலைமை இன்னும் விசித்திரமானது: நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்ற ஐரிஷ் தொழிலாளிக்குத் தன் தெருவைப் பராமரிக்கும் நகரசபையில் வாக்கில்லை. மக்களில் கால்பங்குக்கு மேலிருந்த கத்தோலிக்கர்களுக்குப் பெல்ஃபாஸ்ட் நகரசபையில் குரலே இல்லை எனலாம். 1886-இல் நகரில் நடந்த மதக் கலவரங்களின் காயமும் ஆறவில்லை.

மேற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியை 1886-இல் வெறும் 103 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் ஐரிஷ் தேசியவாதி தாமஸ் செக்ஸ்டன். அவரும் சகாக்களும் மசோதாவை மறித்தனர். சாக்கடைக்கு வரி கட்டப்போகிறவர்கள் எல்லாரும் அதைச் செலவிடும் சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நகரசபைக்குச் சாக்கடை அவசரம். எனவே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வீட்டில் குடியிருந்து வரி கட்டுபவர் அனைவருக்கும் நகரசபை வாக்குரிமை கிடைத்தது.

இதற்கிடையே இசபெல்லா டாட் என்ற பெண்ணுரிமைப் போராளி, இந்த வாக்குரிமை ஆண்களோடு நின்றுவிடாதபடி லண்டனில் ஆதரவு திரட்டினார். செக்ஸ்டன் தரப்பு கோரிய ஐரிஷ் தன்னாட்சியைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். ஆனாலும் செக்ஸ்டன் திறந்த வழி அவருக்கும் உதவியது. சொந்தப் பெயரில் வரி கட்டிய பெண்கள், பெரும்பாலும் விதவைகளும் மணமாகாதவர்களும், வாக்காளர் ஆயினர்.

ஆனால் கத்தோலிக்கர்களுக்குப் பலன் தாமதமாகவே வந்தது. வார்டு எல்லைகள் பழையபடியே இருந்ததால் கத்தோலிக்க வாக்குகள் சிதறின. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் 5 வார்டுகளை 15 ஆக்கியபின்தான் ஃபால்ஸ், ஸ்மித்ஃபீல்டு ஆகிய இரு வார்டுகளில் அவர்கள் பெரும்பான்மை பெற்றனர். அயர்லாந்தின் பிற பகுதிப் பெண்களுக்கு உள்ளாட்சி வாக்குரிமை 1898-இல் கிடைத்தது. நகரசபை உறுப்பினராகும் உரிமை பெல்ஃபாஸ்ட் பெண்களுக்கும் 1911-இல்தான் வந்தது.