நிறுத்து எண்ணிய கதை

இரசாயனம் பயிலத் தொடங்கும் மாணவர் முதன்முதலாகத் தயங்கி நிற்கும் இடங்களுள் ‘மூல்’ என்பதும் ஒன்று. “18 கிராம் நீர் ஒரு மூல் எனின், 90 கிராம் நீர் எத்தனை மூல்?” என்று வினவினால், பிள்ளைகள் வகுத்துப் பார்த்து 5 என்று விடை எழுதிவிடுவர். அந்த ஐந்து எதனைக் குறிக்கும் ஐந்து என்று அடுத்துக் கேட்டால் விழிப்பர். இதனைக் கண்டு அவர்களை மந்த புத்தியுடையோர் என்று பழிப்பாரும் உளர். இரசாயனத்தின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு பழிக்கத் துணியார். ஏனெனில், இப்பிள்ளைகள் இடறும் அதே கல்லில் ஐரோப்பாவின் பேரறிஞர்களும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இடறினர். அக்கல்லை அகற்றியவரோ தம் மாணவருக்குத் தெளிவாகக் கற்பிக்க விழைந்த ஓர் ஆசிரியர். அந்த வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆசிரியத் தொழில் புரிந்து வாழ்ந்த ஜோன் தாற்றன், 1808ஆம் ஆண்டில் தமது இரசாயனத் தத்துவ நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். ஒவ்வொரு மூலகத்தின் அணுக்களும் தமக்கே உரிய நிறையுடையன என்பதும், அவ்வணுக்கள் சிறு முழு எண்களின் விகிதத்திற் கூடியே சேர்வைகள் உண்டாகின்றன என்பதும் அவர் கொள்கை. அணு கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே தனியணுவை நிறுத்தல் இயலாது. ஆயினும், ஐதரசன் அணுவின் நிறையை 1 என்று வைத்துக்கொண்டால், ஏனைய அணுக்கள் அதனைப் போல எத்தனை மடங்கு என்று ஒப்பிட்டுக் கூறலாம் என்று அவர் கருதினார்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. நீரைப் பகுத்தால் ஒரு பங்கு நிறை ஐதரசனும் எட்டுப் பங்கு நிறை ஒட்சிசனும் கிடைக்கும். (தாற்றனின் காலத்து அளவீடு செம்மையற்றதாகையால் அவர் ஏழு என்றே கண்டார்.) ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் கூடியது நீர் எனின், ஒட்சிசன் அணுவின் நிறை 8. இரண்டு ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் கூடியது நீர் எனின், அந்நிறை 16. இவ்விரண்டில் எது உண்மை? எத்துணை நுட்பமான தராசும் இவ்வினாவுக்கு விடை கூறாது. நிறையைத் தராசு சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. அணுவின் நிறையை அறிய எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கையை அறிய அணுவின் நிறை வேண்டும். வேறு வழி காணாத தாற்றன், இயற்கை எளிமையையே விரும்பும் எனக் கொண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்.

அதே 1808ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சு நாட்டு கே லுசாக் ஓர் உண்மையை அறிவித்தார். வாயுக்கள் ஒன்றோடொன்று கூடும்போது அவற்றின் கனவளவுகள் எளிய முழு எண் விகிதத்தில் அமைகின்றன என்பதே அது. இரண்டு கனவளவு ஐதரசனும் ஒரு கனவளவு ஒட்சிசனும் கூடி இரண்டு கனவளவு நீராவி உண்டாகும். இதன் உட்பொருளை உணர்ந்தவர் இத்தாலியரான அமேதியோ அவகாதரோ. தூரின் நகரில் 1776இல் பிறந்த இவர் முதலிற் சட்டம் பயின்றவர்; பின்னர் வெர்செல்லி நகரக் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்தவர். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் உள்ள எல்லா வாயுக்களும், சம கனவளவுகளில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று அவர் 1811ஆம் ஆண்டில் எழுதினார்.

இக்கருத்தின் வலிமையை ஓர் உவமையாற் காண்போம். இரண்டு சாக்குகள் கட்டப்பட்டு இருக்கின்றன. ஒன்றில் கடலை, மற்றையதில் நெல். இரண்டிலும் மணிகளின் எண்ணிக்கை ஒன்றே என்று மட்டும் அறிவோம். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அறியோம். ஆயினும், சாக்குகளை நிறுத்து அவற்றின் நிறை விகிதத்தைக் கண்டால், அதுவே ஒரு கடலைக்கும் ஒரு நெல்லுக்கும் உள்ள விகிதமாகும். ஒரு மணியையேனும் கையில் எடுக்க வேண்டியதில்லை. இவ்வாறே, ஒட்சிசன் வாயு சம கனவளவு ஐதரசன் வாயுவைப் போல 16 மடங்கு நிறையுடையது என்றால், ஒட்சிசன் மூலக்கூறும் ஐதரசன் மூலக்கூற்றைப் போல 16 மடங்கு நிறையுடையதாதல் வேண்டும். மேலும், ஒரு கனவளவு ஒட்சிசன் இரண்டு கனவளவு நீராவிக்குள் பகிர்ந்து செல்வதால், ஒட்சிசன் மூலக்கூறு இரண்டாகப் பிரியக்கூடியது என்பதும் பெறப்படும்.

இத்துணைத் தெளிவான கருத்தை உலகம் ஏற்கவில்லை. ஒரே மூலகத்தின் அணுக்கள் இரண்டு தம்முள் இணைதல் கூடாது என்று தாற்றன் கருதினார். அணுக்களை இணைப்பது எதிரெதிர் மின்னேற்றங்களின் கவர்ச்சியே என்று கற்பித்த சுவீடன் நாட்டுப் பேர்சீலியசுக்கும், ஒத்த அணுக்கள் இணைவது பொருந்தாக் கூற்றாகவே பட்டது. பின்னர் பிரான்சின் டூமா, இரசம், கந்தகம் முதலியவற்றின் ஆவிகளை நிறுத்தபோது, கிடைத்த எண்கள் ஏனைய வழிகளிற் கண்டவற்றோடு முரண்பட்டன. அவகாதரோவின் கருத்தே பிழை எனப் பலரும் முடிவு செய்தனர். இரச ஆவியின் மூலக்கூறு ஓரணு உடையது, கந்தக ஆவியினது பல அணுக்கள் உடையது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

விளைவு பெருங்குழப்பம். காபன் அணுவின் நிறை 6 என்பார் சிலர். 12 என்பார் சிலர். ஒருவர் எழுதிய சூத்திரத்தை மற்றொருவர் வேறு பொருளின் சூத்திரமாக வாசித்தார். வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அசற்றிக்கமிலத்துக்கு வழங்கிய 19 வெவ்வேறு சூத்திரங்களை, ஜேர்மானியரான கெக்குலே 1861ஆம் ஆண்டில் தமது நூலில் நிரைப்படுத்திக் காட்டியுள்ளார்.

இந்நிலை நீங்க, கெக்குலே முதலியோரின் முயற்சியால், 1860 செப்டெம்பர் 3ஆம் நாள் ஜேர்மனியின் கார்ல்சுரூகே நகரிற் பல நாட்டு இரசாயன அறிஞர்கள் கூடினர். மூன்று நாள் விவாதித்தும் முடிவு பிறக்கவில்லை. அங்கே எழுந்து பேசியவர்களுள் ஒருவர் சிசிலித் தீவைச் சேர்ந்த சுதனிசுலாவோ கனிசாரோ. 1848ஆம் ஆண்டின் சிசிலிப் புரட்சியிற் பங்குகொண்டு, அது தோல்வியுற்றதும் பிரான்சுக்குத் தப்பியோடியவர் அவர். பின்னர் செனோவாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அங்குத் தம் மாணவருக்கு அணுக்கொள்கையை எவ்வொழுங்கிற் கற்பிக்கின்றார் என்பதை 1858ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதி வெளியிட்டிருந்தார். அச்சிறு நூலின் பிரதிகள் மாநாட்டின் முடிவிற் பங்குபற்றியோருக்கு வழங்கப்பட்டன.

கனிசாரோ புதிய பரிசோதனை எதனையும் காட்டவில்லை. பாடத்தை ஒழுங்குபடுத்தினார். ஐதரசன் மூலக்கூற்றின் நிறையை 2 என வைத்து, ஏனைய வாயுக்களின் மூலக்கூற்று நிறைகளை அவகாதரோ காட்டிய வழியிற் கணித்தார். பின்னர் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் குறித்த மூலகத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார். காபனை எடுத்துக்கொள்வோம். மெதேனின் மூலக்கூற்று நிறை 16. அதிற் காபன் 12. காபனோரொட்சைட்டு 28, அதிற் காபன் 12. காபனீரொட்சைட்டு 44, அதிலும் 12. எதிலீன் 28, அதில் 24. எங்கும் 12, அன்றேல் அதன் மடங்கு. அதனிற் குறைந்தது எங்கும் இல்லை. எனவே காபன் அணுவின் நிறை 12. இதே வழியில் ஒட்சிசனுக்கு 16 கிடைத்தது. நீரில் ஐதரசன் அணுக்கள் இரண்டு என்பதும் ஐயமறத் துணியப்பட்டது.

ஊர் திரும்பும் வழியில் அந்நூலைப் படித்த ஜேர்மானியரான லோதர் மேயர், தம் ஐயங்கள் யாவும் அகன்றதாகப் பின்னாளில் எழுதினார். மாநாட்டுக்கு வந்திருந்த உருசிய இளைஞர் மென்டலீவ், திருந்திய அணுநிறைகளை அடிப்படையாகக் கொண்டு, 1869ஆம் ஆண்டில் ஆவர்த்தன அட்டவணையை அமைத்தார். அவகாதரோ இவற்றைக் காண உயிரோடிருக்கவில்லை. அவர் 1856இலேயே காலமானார்.

‘மூல்’ என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்தவர் ஜேர்மானிய விஞ்ஞானி ஒசுவால்ட். காலம் 1890களின் முற்பகுதி. அவரே அணுக்கள் உண்மையில் உளவோ என்று நெடுங்காலம் ஐயுற்றிருந்தவர் என்பது வியப்புக்குரியது. அவ்வையத்தைப் போக்கியவர்களுள் முதன்மையானவர் பிரான்சின் பெரென். நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துணிக்கைகளை நுணுக்குக்காட்டியால் எண்ணி, ஒரு மூலில் உள்ள மூலக்கூறுகளின் தொகையை அவர் மதிப்பிட்டார். அத்தொகைக்கு 1909ஆம் ஆண்டில் அவகாதரோவின் பெயரைச் சூட்டியவரும் அவரே. 1971ஆம் ஆண்டில் மூல் சர்வதேச அடிப்படை அலகுகளுள் ஒன்றாயிற்று. 2019 மே 20ஆம் நாள் தொடக்கம், 602214076 என்னும் எண்ணின் பின் 15 பூச்சியங்கள் இட்டால் வரும் தொகையே ஒரு மூல் என்று வரையறுக்கப்பட்டுள்ளது.

இனி முதலிற் கூறிய கணக்குக்குத் திரும்புவோம். மூல் என்பது எண்ணிக்கை. மூலர்த்திணிவு என்பது அவ்வெண்ணிக்கையான துணிக்கைகளின் நிறை. 90 கிராம் நீரை 18ஆல் வகுக்கும் மாணவன், எண்ண முடியாதவற்றை நிறுத்து எண்ணுகின்றான். அவன் பெற்ற 5, நீர் மூலக்கூறுகளின் ஐந்து பெருந்தொகுதிகள். அவற்றை முற்றாகப் பகுத்தால் 10 கிராம் ஐதரசனும் 80 கிராம் ஒட்சிசனும் கிடைக்கும். எண்ணிக்கையில் இரண்டுக்கு ஒன்று. நிறையில் ஒன்றுக்கு எட்டு. இவ்விரண்டு விகிதங்களையும் ஒன்றெனக் கருதி மயங்குவதே மாணவர் படும் துன்பம். தாற்றனின் காலந்தொட்டு அறிஞர் பட்ட துன்பமும் இதனோடு உறவுடையதே.

ஆதலின், தயங்கி நிற்கும் மாணவனுக்குச் சூத்திரத்தை மீண்டும் மீண்டும் ஒப்புவிக்கச் சொல்வதாற் பயனில்லை. இரண்டு சாக்குகளையும் ஒரு தராசையும் அவன் மனக்கண்முன் நிறுத்துவோம். கனிசாரோ செனோவா மாணவருக்குச் செய்தவாறு, ஒன்றன்பின் ஒன்றாக, காரணம் விளங்க, படிப்படியாக அழைத்துச் செல்வோம். மாநாடு கூடியும் தீராத வழக்கை வகுப்பறைக்கென எழுதிய பாடக்குறிப்புத் தீர்த்து வைத்தது என்பதை, கற்பிக்கும் தொழிலில் உள்ளோர் மறவாதிருத்தல் நன்று.